சாவி வராத வீட்டுக்கு மாதத் தவணை: கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்களும் வீடு வாங்கியோரின் உரிமையும்

மலேசியாவில் புதிய வீடுகளில் பெரும்பாலானவை கட்டப்படுவதற்கு முன்பே விற்கப்படுகின்றன. வாங்குபவர் பார்ப்பது ஒரு மாதிரி வீடு, ஒரு வண்ணக் கையேடு, மண்வாரி இயந்திரம் தள்ளிச் சமன்படுத்திய செம்மண் நிலம். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கட்டுமானச் செலவை அவரும் அவருடைய வங்கியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கிறார்கள். பொருளாதாரம் நன்றாக இருக்கும் காலத்தில் இந்த முறையில் யாரும் குறை காண்பதில்லை. சந்தை சரிந்து, மேம்பாட்டாளர் கையில் பணம் இல்லாமல் போகும்போதுதான் இடர் முழுவதும் யார் தலையில் இருந்தது என்பது தெரியவரும்.

வேலை ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக நின்றுபோவது கைவிடப்பட்ட திட்டத்தின் முக்கிய அடையாளம். ‘தாமதமான திட்டம்’ வேறு, ‘கைவிடப்பட்ட திட்டம்’ வேறு. முன்னதில் வாங்கியவருக்கு இழப்பீடு கிடைக்கும். பின்னதில் இழப்பீடு கொடுக்க வேண்டிய நிறுவனமே பல நேரங்களில் திவாலாகியிருக்கும்.

இரண்டு சரிவுகள்

முதல் பெரிய அடி 1985-86இல் விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் வீட்டு விலை ஏறியபோது அனுபவமில்லாதவர்களும் நிலம் வாங்கித் திட்டம் போட்டார்கள். பின்னர் ஈயச் சந்தை சரிந்தது. செம்பனை எண்ணெய் விலையும் இறங்கியது. 1985இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. கூரையில்லாத வரிசை வீடுகள் பல மாநிலங்களில் புல் மண்டிக் கிடந்தன.

இரண்டாவது அடி இதைவிடக் கடுமையானது. 1990களின் நடுப்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரியங்களாக மாறின. வீடு வாங்கி, சாவி வருவதற்குள் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடலாம் என்று நினைத்தவர்களும் வரிசையில் நின்றார்கள். 1997 ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியது. அமெரிக்க டாலருக்குச் சுமார் 2.50 என்றிருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் 3.80 என்று அரசாங்கம் கட்டி நிறுத்தியது. அதற்குள் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1998இல் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது.

உலு சிலாங்கூரில் புக்கிட் பெருந்தோங் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காலத்தின் தடயம் நினைவிருக்கும். அகலமான சாலை, தெருவிளக்குக் கம்பம், வரிசை வரிசையாகக் கடைவீடு. ஆள் மட்டும் இல்லை. கட்டி முடித்த வீடும் காலியாகக் கிடந்தது, கட்டி முடிக்காத வீடும் காலியாகக் கிடந்தது. வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கூரை ஏறினால் 55 விழுக்காடு

வாங்கியவர்களின் கோபம் எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, தரை வீடுகளுக்கான விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள கட்டண அட்டவணையைப் பார்க்க வேண்டும். கையெழுத்திடும்போது 10 விழுக்காடு. அடித்தளம் முடிந்தால் 10. தூண், உத்தரம் எழுந்தால் 15. சுவர் எழுப்பிக் கதவு, சன்னல் சட்டம் பொருத்தினால் 10. கூரை, மின்கம்பி, தண்ணீர்க் குழாய் முடிந்தால் 10. ஆக, கூரை ஏறும் கட்டத்தில் வீட்டு விலையில் 55 விழுக்காடு மேம்பாட்டாளரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 100,000 வெள்ளி. முன்பணம் 10,000 சொந்தக் கைப்பணம், மீதி வங்கிக் கடன். கூரை ஏறியதும் வேலை நின்றுவிட்டது. அந்நேரம் வங்கி கொடுத்திருப்பது 45,000 வெள்ளி. 9 விழுக்காடு வட்டியில் மாதம் 337 வெள்ளி 50 காசு கட்ட வேண்டும். 1998இல் நடந்ததைப்போல வட்டி 13 விழுக்காட்டுக்கு ஏறினால் அதுவே 487 வெள்ளி 50 காசு. இதில் அசல் ஒரு காசும் குறையாது. இருக்கும் வாடகை வீட்டுக்கு வாடகையும் கட்டியாக வேண்டும்.

“வீடே இல்லையே, எதற்கு வட்டி?” என்று கேட்காதவர் இல்லை. வங்கியின் பதில் சட்டப்படி நேரானது. கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே. விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் மேம்பாட்டாளருக்கும் இடையே. ஒன்று முறிந்தால் மற்றது தானாக முறியாது. கட்டடக் கலைஞர் சான்றிதழ் கொடுத்தார், அதை நம்பி நாங்கள் பணம் கொடுத்தோம் என்று வங்கி சொல்லிவிடும். கோபத்தில் தவணையை நிறுத்தியவர்கள் பலர். அவர்களுக்கு வழக்கறிஞர் கடிதம் வந்தது, ஏலம் வந்தது. பாதி கட்டிய வீட்டை ஏலத்தில் யார் நல்ல விலைக்கு எடுப்பார்? ஏலம் போன பிறகும் பாக்கிக் கடன் நின்றது. அப்போது 10,000 வெள்ளிக் கடனுக்கே ஒருவரைத் திவாலாக அறிவிக்க முடியும். இன்று அந்த வரம்பு 100,000 வெள்ளி.

தோட்டத்திலிருந்து வந்தவர்கள்

இந்த நட்டம் எல்லா இனத்தாருக்கும் பொது. ஆனாலும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது வேறு கனத்தோடு விழுந்தது. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. தோட்டம் விற்கப்பட்டால் லயத்துக்கு இடிப்பு அறிக்கை வரும். கையில் இருப்பது தோட்ட நிர்வாகம் கொடுத்த இழப்பீடும் இபிஎஃப் பணமும் மட்டுமே. அது வீட்டு முன்பணமாகப் போய்விட்டால், அந்தத் திட்டம் நின்றபின் இன்னொரு முன்பணத்துக்கு வழியே இல்லை. நகரத்தில் மாதச் சம்பளக்காரர் இரண்டாவது கடனைப் பற்றி யோசிக்கலாம். ஐம்பது வயதில் தோட்டத்தை விட்டு வெளியேறியவருக்கு எந்த வங்கியும் நீண்ட காலக் கடன் கொடுக்காது.

1982 முதல் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று இருந்தது. 1998இல்தான் இடத்தைப் பொறுத்து 42,000 வரை விற்க அனுமதி வந்தது. விலை குறைவு என்பதால் மேம்பாட்டாளர்களுக்கு இலாபமும் குறைவு. பெரிய வீடுகள் விற்றால்தான் சிறிய வீடு எழும். சந்தை சரிந்தபோது திட்டத்தின் மலிவு வீட்டுப் பகுதி தள்ளிப்போனதற்குக் காரணம் இதுதான்.

வீடு கிடைத்தவர்கள் எல்லாருக்கும் நிம்மதி கிடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. புத்ராஜெயா எழுந்த நிலம் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் நிலம். அங்கிருந்த தொழிலாளர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களின் விரிசல்கள் பல ஆண்டுகள் செய்தியாகி, சட்டமன்றத் தொகுதிப் பிரச்சினையாகி, இன்றும் நம் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கும் கதை.

சட்டத்தில் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தவை

வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் 1966ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் அது பொருந்தும். சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள். அதன் இன்றைய விதிகளைப் படித்தால், ஒவ்வொன்றும் எந்த மனக்குறையிலிருந்து வந்தது என்று ஊகிக்க முடியும். வாங்கியவர்களின் பணத்தை வேறு திட்டத்துக்கும் வேறு நிலத்துக்கும் திருப்பிவிட்டார்கள். ஆகவே 1991இல் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வைக்கும் விதிமுறைகள் வந்தன. நீதிமன்றம் போக வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றார்கள்; 2002 டிசம்பரில் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் செயல்படத் தொடங்கியது. கையில் முதலில்லாதவர்கள் உரிமம் வாங்குகிறார்கள் என்றார்கள். 2015இல் மேம்பாட்டாளர் கட்ட வேண்டிய வைப்புத் தொகை, கட்டுமானச் செலவில் 3 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, திட்டத்தைக் கைவிடுவது குற்றம். 250,000 முதல் 500,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இருப்பினும் மூல காரணம் அப்படியே இருக்கிறது. 10 விழுக்காடு மட்டும் முன்பணம் வாங்கி, வீட்டைக் கட்டி முடித்த பிறகே மீதி 90 விழுக்காட்டை வாங்கும் முறை 2007 முதல் சட்டத்தில் உண்டு. அதைக் கட்டாயமாக்கவில்லை, மேம்பாட்டாளர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். விருப்பப்படுகிறவர்கள் சிலரே. வீட்டு விலை ஏறிவிடும், சிறிய நிறுவனங்களால் தாங்க முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், மேம்பாட்டு நிறுவனத்தால் தாங்க முடியாத இடரைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் தாங்கும் என்று எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

2010க்குப் பிறகு வந்த விலையேற்றத்தில் வேறொரு தந்திரம் பரவியது. ‘வீடு முடியும்வரை வட்டியை நாங்கள் கட்டுகிறோம்’ என்றார்கள். வட்டிச் சுமை தெரியாததால் இரண்டு, மூன்று வீடுகள் வாங்கியவர்கள் உண்டு. 2014 வரவுசெலவுத் திட்டம் அதைத் தடை செய்தது. அந்த வேகத்தில் கட்டப்பட்டவையில் பல விற்காமல் தேங்கின. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கட்டி முடித்தும் விற்காத வீடுகள் 30,000க்கு மேல் இருந்தன. இந்த முறை கட்டாமல் விட்டது மட்டும் பிரச்சினை இல்லை. கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டை வாங்கிய விலைக்கு விற்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களும் பலர்.

வேலை நின்றுவிட்டால்

முதல் காரியம், தவணையை நிறுத்தாதீர்கள். எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் சரி. வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, தவணைச் சீரமைப்புக்கும், இனிமேல் தள அறிக்கையைச் சரிபார்க்காமல் பணம் விடுவிக்க வேண்டாம் என்றும் கேளுங்கள். நின்ற தவணை பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் ஏறினால் அடுத்த மோட்டார் சைக்கிள் கடனுக்கும் இடையூறு.

வேலை தொடர்ந்து ஆறு மாதம் நின்றிருந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, கொடுத்த பணம் முழுவதையும் வட்டியில்லாமல் 30 நாளில் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் அதற்கு முன் கடன் கொடுத்த வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். வேலை நின்றதை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் உறுதிப்படுத்த வேண்டும். இதைக் காலத்தோடு செய்தால் பயன் உண்டு. நிறுவனம் கலைக்கப்பட்ட பிறகு கேட்டால் உரிமை தாளில் மட்டும் இருக்கும்.

திட்டத்தை வேறொரு நிறுவனம் எடுத்து முடிக்க முன்வரும்போது, கூடுதல் பணம் கேட்பார்கள். தாமத இழப்பீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். நியாயமில்லைதான். எனினும் தனியாக நின்று பேசியவர்களைவிட, வாங்கியோர் குழு அமைத்து ஒரே குரலில் பேசியவர்களுக்கு நல்ல நிபந்தனை கிடைத்திருக்கிறது. குழுவில் மற்ற இனத்தாரும் இருப்பார்கள். நம்மவர்கள் மட்டும் தனியாகக் கட்சிக்காரரைப் பார்க்கப் போவது வேலையைச் சுருக்காது.

தாமதம் மட்டும் என்றால் கணக்கு எளிது. தரை வீட்டுக்கு 24 மாதம், அடுக்குமாடிக்கு 36 மாதம் என்பதே வழக்கமான ஒப்பந்தக் காலம். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும், வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற விகிதத்தில் இழப்பீடு. 300,000 வெள்ளி வீடு 200 நாள் தாமதமானால் ஏறக்குறைய 16,438 வெள்ளி. முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்தச் சிறிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. கட்டட நிறைவுச் சான்றிதழ் வந்த நாள், குறைபாட்டுப் பொறுப்புக் காலமான 24 மாதம் முடிந்த நாள், ஒப்பந்தம் முறிக்கப்பட்ட நாள் ஆகியவற்றில் உங்கள் வழக்குக்குப் பொருந்துவதிலிருந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, நியாயம் இருந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அதிகமில்லை. மேம்பாட்டாளர் உரிமம், விளம்பர விற்பனை அனுமதி ஆகிய இரண்டின் எண்ணும் காலாவதித் தேதியும் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் சரிபார்க்கலாம். அந்த நிறுவனத்தின் முந்தைய திட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அங்கே குடியிருப்பவரிடம் சாவி எப்போது வந்தது, நிலப்பட்டா வந்துவிட்டதா என்று கேளுங்கள். வணிக நிலத்தில் எழும் குடியிருப்பு என்றால், அது இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று வழக்கறிஞரிடம் எழுதி வாங்குங்கள். அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளர் ஏற்பாடு செய்து கொடுத்தவராக இருந்தால், அவர் யாருடைய வழக்கறிஞர் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.