வெளிநாட்டுச் சேவை நிறுவனங்கள் மலேசியாவைத் தேடி வருவது ஏன்?

ஒரு பன்னாட்டு வங்கியின் கணக்குவழக்கு, சம்பளப் பட்டியல், கணினிப் பராமரிப்பு ஆகியவற்றை அந்த வங்கி இயங்கும் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பதில்லை. இவற்றை வேறொரு நாட்டில் ஒரே மையத்தில் வைத்துச் செய்ய வரும் பணமே வணிகச் சேவை முதலீடு. தொழிற்சாலைக்குத் துறைமுகமும் மூலப்பொருளும் தேவை. இதற்கு ஆளும் இணையத் தொடர்பும் போதும். அதனால் வந்த வேகத்தில் கிளம்பியும் போகலாம்.

சேவை மையங்களுக்கு ஏற்ற நாடுகளைக் கெர்னி ஆலோசனை நிறுவனம் தரவரிசைப்படுத்துகிறது. 2004ஆம் ஆண்டின் முதல் பட்டியலிலும் 2023ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இந்தியா, சீனாவுக்கு அடுத்த இடம் மலேசியாவுக்கே. குறைந்த சம்பளம் மட்டுமே காரணம் என்றால் இந்த இடம் கிடைத்திருக்காது. மலாய், ஆங்கிலம், மாண்டரின், கண்டனீஸ், தமிழ் பேசுவோர் ஒரே அலுவலகத்தில் கிடைக்கும் நாடுகள் அதிகமில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கே மூன்று மொழிகள் கைவசம். இதை நாம் பெரிதாக நினைப்பதில்லை.

அரசின் பங்கும் உண்டு. 1996இல் தொடங்கிய எம்.எஸ்.சி. எனும் பல்லூடகப் பெருவழித் திட்டம், தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு 10 ஆண்டுகள் வரை வரிவிலக்கு, தடையற்ற வெளிநாட்டு உரிமை, வெளிநாட்டு நிபுணர்களை அமர்த்தும் சுதந்திரம் ஆகியவற்றை உறுதியளித்தது. 1997இல் சைபர்ஜெயா தொடங்கப்பட்டது. எச்.எஸ்.பி.சி., ஷெல், டி.எச்.எல். ஆகியவை அங்கே மையம் அமைத்தன.

பிறகு கே.எல். சென்ட்ரல், பங்சார் சவுத் போன்ற இடங்களுக்கும் அதே தகுதி விரிந்தது. சலுகை ஒன்றே என்றானபின், ஊழியர் ரயிலில் வந்திறங்கக்கூடிய கட்டடத்துக்குத்தானே மவுசு? சைபர்ஜெயாவுக்குள் எம்.ஆர்.டி. வந்தது 2023 மார்ச்சில்தான். நகரம் தொடங்கப்பட்டு ஏறக்குறைய 26 ஆண்டுகள்!

பக்கத்தில் புத்ராஜெயா எழுந்தபோது பிரங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறின. அவர்களின் பிள்ளைகளுக்குச் சேவை மையங்கள் எட்டும் தூரத்தில்தான். ஆனால் அங்கே கேட்கப்படுவது கணக்கியல் அல்லது கணினித் தகுதியும் சரளமான ஆங்கிலமும். வரிச்சலுகை நிறுவனத்தை வரவழைக்கும், வேலையை யார் பெறுவது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

2022இல் எம்.எஸ்.சி. தகுதிக்குப் பதிலாக ‘மலேசியா டிஜிட்டல்’ வந்தது. இதைப் பெறும் நிறுவனம் நாட்டின் எந்தப் பகுதியிலும் இயங்கலாம். இனி ஈப்போவும் சிரம்பானும்கூடப் போட்டியில் இறங்கலாம், கேட்கும் தகுதியுள்ள ஆட்கள் அங்கே இருந்தால்.