சிறைவாசிகளுக்கான துக்கத் துணை

சிறையில் இருப்பவரின் உறவினர் இறக்கும்போது, செய்தியைப் பரிவோடு தெரிவித்தல், இறுதிச் சடங்கில் பங்கேற்க வழிசெய்தல், பின்னர் மனத்தேறுதல் அளித்தல் ஆகியவற்றை உள்ளடக்கிய பணி.

சட்டநிலை: தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982இன்படி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் மரணத்துக்குத் தண்டனைக் கைதி அவசர விடுப்புக் கோரலாம். விசாரணைக் கைதிகள் நீதிமன்றத்தை அணுகவேண்டும். நெருங்கிய உறவினரின் மரணத்தை உடனே தெரிவிக்கவும், சூழல் இடந்தந்தால் இறுதிச் சடங்குக்கு அனுப்பவும் ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) வலியுறுத்துகின்றன. சிறையிலிருந்தபோது மண்டேலாவுக்கே தாயின் அடக்கத்துக்கும் (1968) மகனின் அடக்கத்துக்கும் (1969) அனுமதி மறுக்கப்பட்டது.

நடைமுறை: 2016 பிப்ரவரியில் வேலூர்ச் சிறையிலிருந்த ஆயுள் தண்டனைக் கைதி நளினி, தந்தையின் இறுதிச் சடங்குக்காகக் காவலுடன் சென்னை வந்தார். 2018 மார்ச்சில் கணவர் ம. நடராசன் மறைந்தபோது அரசியல்வாதி வி.கே. சசிகலாவுக்குப் பெங்களூருச் சிறை 15 நாள் பரோல் வழங்கியது.

தேவைகள்: கொள்ளி வைக்கவும் பதினாறாம் நாள் காரியத்தில் நிற்கவும் முடியாதவருக்கு இழப்போடு குற்றவுணர்வும் சேர்கிறது. அழத் தனியிடம், வீட்டாருடன் தொலைபேசிப் பேச்சு, நல அலுவலர், மனநல ஆலோசகர் ஆகியோரின் தொடர் கவனிப்பு, தற்கொலை எண்ணம் குறித்த விழிப்பு ஆகியவை இன்றியமையாதவை. இவை சலுகையல்ல, மனித மாண்புக்குரிய உரிமை.