ஆளில்லாத நிலமா? அப்ப நாங்க யாரு?



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரே போடாகப் போட்டார்கள். கையில காகிதம் இருந்தா நிலம் உன்னுது, இல்லேன்னா நடையைக் கட்டுன்னு! பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம்னு அடுக்கின அடுக்கில, நம்ம பத்திரம் பீரோவில் பத்திரமா இருக்கான்னு எனக்கே பயம் வந்திருச்சு. (சிரிப்பு)

ஐயா, காகிதமே இல்லாம ஒரு கண்டத்தையே எடுத்துக்கிட்ட கதை ஒண்ணு உண்டு. 1770-இல் கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போனார். கரையில் மனிதர்கள் நிற்கிறார்கள், கண்ணால் பார்க்கிறார். பார்த்துவிட்டு, 'இது எங்கள் மன்னருடையது' என்று கொடியை நட்டார். பல்லாயிரம் வருஷமாக வாழ்ந்த ஜனங்களை வைத்துக்கொண்டே, அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சட்டம் நம்பியது. யார் கொடுத்த பட்டா அது? (கைதட்டல்)

அந்த நாட்டுக்கு வடக்கே, டோரஸ் நீரிணையில், மெர் என்று ஒரு குட்டித் தீவு. வெள்ளைக்காரர் வைத்த பெயர் மர்ரி தீவு. அங்கே இருப்பவர்கள் தோட்டக்காரர்கள். எந்தக் கல் வரை யார் தோட்டம், எந்த மரத்துக்கு அப்பால் யார் தோட்டம் என்று தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிவைப்பான். மாலோ என்பது அவர்களுடைய தெய்வம். அடுத்தவன் பொருளைத் தொடாதே, உன் பாதையில் நட என்பது மாலோவின் சட்டம். 1879-இல் குயின்ஸ்லாந்து அரசு அந்தத் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அந்தத் தீவில் 1936-இல் பிறந்தவர் எடி கொய்கி மாபோ. பிழைப்புக்காக டவுன்ஸ்வில் நகரத்துக்கு வந்து, ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலை பார்த்தார். பேரைக் கவனிச்சீங்களா? அதே குக்! 1974-இல் ஒரு நாள், ஹென்றி ரெனால்ட்ஸ், நோயல் லூஸ் என்ற இரண்டு வரலாற்றுப் பேராசிரியர்களிடம் ஊரில் இருக்கிற தன் நிலத்தைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சட்டப்படி அது அரசு நிலம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். பேராசிரியன் என்கிற முறையில் சொல்றேன் ஐயா, எங்களால அப்பப்போ இப்படி ஒரு நல்ல காரியமும் நடந்துடுது. (சிரிப்பு)

1982-இல் மாபோவும் தீவுக்காரர்கள் நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? 1985-இல் ஒரு சட்டம் போட்டது. '1879-லேயே உங்க உரிமையெல்லாம் போயிருச்சு, நஷ்டஈடும் கிடையாது'ன்னு! ஆட்டம் நடுவுல கோல் கம்பத்தைப் பிடுங்கிட்டுப் போற கதை! 1988-இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கைகொடுத்தது.

ஆனால் இன்னொரு சோதனை. உண்மைகளை விசாரித்த நீதிபதி, மாபோவின் சொந்த வாரிசுரிமையையே ஏற்கவில்லை. அவர் வளர்ப்புப் பிள்ளை. அந்தத் தத்தெடுப்புக்கு ஆதாரம் போதாது என்று முடிவு. எதிரணி நண்பர்களே, இங்கே கொஞ்சம் யோசிங்க. எடுத்து வளர்த்த தகப்பன் சொல்லிக்கொடுத்த வாய்மொழி இருந்தது, காகிதம் இல்லை.

1992 ஜனவரி 21-இல் மாபோ புற்றுநோயால் இறந்தார். ஜூன் 3-இல் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், மெர் மக்களுக்கு நிலத்தில் உரிமை உண்டு என்றார்கள். அந்தத் தீவுக்கு மட்டுமல்ல, ஆஸ்திரேலியா முழுமைக்கும் அந்தப் பழைய கற்பனை சரிந்தது. 1993-இல் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. (கைதட்டல்)

கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்க. தனியாருக்கு அரசு முழு உரிமையோடு கொடுத்துவிட்ட நிலம் திரும்பாது. விரட்டப்பட்டவர்கள், 'இடைவிடாமல் மண்ணோடு தொடர்பு இருந்தது' என்று நிரூபிக்க வேண்டும். விரட்டியவனே, 'நீ ஏன் தொடர்ந்து இங்கே இருக்கலை?' என்று கேட்கிறான்! மர்ரி ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்கள் அப்படித்தான் 2002-இல் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அந்த வழக்கில் முதலில் விசாரித்த நீதிபதி, பாட்டி தாத்தா சொன்னதைவிட அதிகம் நம்பியது எதைத் தெரியுமா? அவர்கள் நிலத்தில் ஆடு மேய்க்க வந்து உட்கார்ந்த எட்வர்ட் கர் என்ற வெள்ளைக்காரர் எழுதிவைத்த புத்தகத்தை! நிலத்தை எடுத்தவர் எழுதியது சாட்சி. இழந்தவர் பேசியது கதை. இதுதான் அம்மையார் கும்பிடச் சொல்கிற காகிதம்.

1995-இல் டவுன்ஸ்வில்லில் மாபோவின் கல்லறைக்குக் கல் நாட்டி விழா எடுத்தார்கள். அன்றிரவே யாரோ அதைச் சிதைத்துவிட்டார்கள். குடும்பத்தார் உடலை எடுத்துக்கொண்டு போய் மெர் தீவிலேயே அடக்கம் செய்தார்கள். அங்கே அவரிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. (கைதட்டல்)