பேராதனையில் கூடிய பயிர்நோய் அவை

பயிர்நோய் ஆராயும் அறிஞர்கள் மலைநகரங்களில் மாநாடு கூட்டுவதைக் கண்டு, குளிர்காற்றையும் இயற்கை எழிலையும் நாடியே அவர்கள் அங்குச் செல்கின்றனர் என எண்ணுவோர் உளர். உண்மை அதனினும் ஆழமானது. காப்பியும் தேயிலையும் செழிப்பது மலைச்சரிவில். அவற்றைக் கொல்லும் நோய்க்கு இடந்தருவதும் அச்சரிவின் ஈரமே. நோயுற்றவன் இல்லத்திற்கு மருத்துவன் செல்வதுபோல், நோய் வாழும் இடத்திற்கு அறிவியல் செல்கின்றது.

1906ஆம் ஆண்டு செப்டம்பரில், கண்டியை அடுத்த பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ரப்பர் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. மலைகள் சூழ, மகாவலி கங்கை வளைந்தோடும் அவ்விடத்திற்கு இலங்கைத் தோட்டக்காரர்களுடன் மலாயாவிலிருந்தும் பலர் வந்தனர். பொறிகளும் ரப்பர்த் தாள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. விரிவுரைகளும் கலந்துரையாடல்களும் நிகழ்ந்தன. இளமையும் வளமும் மிக்க அத்தொழிலின் விழாவில், ரப்பர் மரத்தின் நோய்களும் பேசுபொருளாயின. ஏன்? பேராதனை ஒரு பேரழிவைக் கண்ணாரக் கண்ட இடம்.

1869இல் இலங்கைக் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி, அப்பூஞ்சைக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பேரழிவு செய்வது என்னும் பொருளுடைய 'வாஸ்டாட்ரிக்ஸ்' பொய்க்கவில்லை. 1880இல் பேராதனைக்கு வந்த மார்ஷல் வார்டு, காற்றில் கண்ணாடித் துண்டுகளை வைத்து நோயின் நுண்வித்துகளைப் பிடித்தார். அவை ஈர இலையில் முளைத்து, இலைத்துளை வழியே உட்புகுவதைக் காட்டினார். மலைமுழுதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே நோய்க்கு விருந்தானது என்பதையும் உணர்த்தினார். நோயின் வழி தெரிந்தது. தீர்க்கும் மருந்து கிடைக்கவில்லை. 1878 அளவில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரந்திருந்த காப்பி, அந்நூற்றாண்டு முடியுமுன் சுருங்கி மறைந்தது. அதனிடத்தைத் தேயிலை பற்றியது.

இம்மாற்றத்தின் சுமையைத் தாங்கியோர் யாவர்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரை இழந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளரே. காப்பி பருவத்தொழில்; பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்புவோர் பலர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. அதனால் குடும்பங்களோடு லயங்களில் நிலைகொண்டனர். அம்மக்களின் வழிவந்தோரில் மிகப் பெரும்பாலோரே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். ஓர் இலையின் அடியில் படிந்த தூள், ஓர் இனத்தின் வாழ்விடத்தையே மாற்றியது.

நம் சிங்கப்பூரின் வரலாறும் இதனோடு பின்னியது. 1859இல் தோன்றிய நம் தாவரவியல் பூங்காவிற்கு 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் கெடாமல் பால்வடிக்கும் முறையை வகுத்தார். மலாயாவில் பால்மரக் காடுகள் பெருகின. அவற்றில் பால்வெட்டத் தமிழர் கப்பலேறினர். இன்று சிராங்கூன் சாலையில் நடமாடும் நம்மவருள்ளும் தோட்டப்புறத்தில் வேர்விட்ட குடும்பத்தினர் உண்டு.

தாயகமான தென்னமெரிக்காவில் ரப்பரை இலைக்கருகல் நோய் வாட்டியது. 1928இல் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய பெருந்தோட்டம் அதனால் நலிந்து, 1945இல் கைவிடப்பட்டது. கடல்கடந்து விதையாக வந்த நம் ரப்பரை அந்நோய் தொடரவில்லை. தென்கிழக்காசியா அதற்கு இன்றும் இடங்கொடாமல் காத்து வருகின்றது. மலாயா ரப்பரின் செல்வத்திற்கு உழைப்போடு இந்நல்வாய்ப்பும் துணைநின்றது.

அறிஞர் அவைகளின் ஏடுகளில் பூஞ்சைக்குப் பெயருண்டு, கண்டறிந்தவர்க்கும் பெயருண்டு. நோயுற்ற செடியை நாள்தோறும் தொட்டுணர்ந்த தொழிலாளிக்குப் பெயரில்லை. பயிர்நோயின் வரலாற்றை அறிவியல் பாடமாக மட்டும் நாம் ஒதுக்கிவிடலாகாது. அது தமிழர் இடப்பெயர்வின் ஓர் இயலுமாகும். வகுப்பறையில் அதனை அவ்வாறு கற்பிப்பது ஆசிரியர் கடன். தம் இல்லத்து முதியோரிடம் தோட்டத்து வாழ்வைக் கேட்டு எழுதி வைப்பது மாணவர் கடன். ஏடு எழுதாது விட்ட பெயர்களை நாமேனும் எழுதுவோம்.