பின்னிருக்கைக்கு யார் பொறுப்பு? மைசூரு கிராமச் சாலைகளும் பைக் டாக்ஸியும்

மைசூரு அரண்மனைக்கு அருகிலுள்ள அக்ரஹாரத்தில் பைக் டாக்ஸி என்றால் செல்போன் செயலி நினைவுக்கு வரும். நஞ்சன்கூடு, டி. நரசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் அதற்கு அப்படியொரு பெயர் இல்லை. பஸ் இறக்கிவிட்ட கைகாட்டியிலிருந்து ஊருக்குள் மூன்று, நான்கு கிலோமீட்டர் போகவேண்டும். தெரிந்த பையன் வண்டியை நிறுத்துவான். இறங்கும்போது பெட்ரோலுக்கென்று கையில் காசு வைப்பார்கள்; வாடகை என்று இருவருமே சொல்வதில்லை. இந்த ஏற்பாட்டைச் சட்டம் பெயர்சொல்லி ஏற்காதவரை கிராமத்துப் பின்னிருக்கைக்குப் பாதுகாப்பு வராது என்பதே என் வாதம்.

கர்நாடகம் 2021 ஜூலையில் மின்சார பைக் டாக்ஸித் திட்டத்தை அறிவித்தது. பெண்கள் பாதுகாப்பையும் ஆட்டோ ஓட்டுநர்களுடனான மோதல்களையும் காரணம் காட்டி 2024 மார்ச்சில் திரும்பப் பெற்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்கீழ் அரசு விதிகள் வகுக்கும்வரை சேவையை நிறுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2025 ஏப்ரல் 2 அன்று தீர்ப்பளித்தார். ஜூன் 16 முதல் தடை நடப்புக்கு வந்தது. இந்த விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டவை நகரமும் செயலியும் ஆட்டோ பிழைப்பும்தான். கைகாட்டியில் நிற்கும் பெண் அதில் இல்லை. ஆனால் 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். மொத்த இறப்பில் ஏறத்தாழ 68 விழுக்காடு கிராமப்புறத்தில் நேர்ந்தது.

காப்பீட்டில்தான் சிக்கல் கடுமையானது. சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் பாலிசி, காசு வாங்காமல் ஏற்றிச்செல்லும் பின்னிருக்கைக்காரரை உள்ளடக்காது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் திலக் சிங் வழக்கில் கூறியது. முழுக் காப்பீடு இருந்தாலும், சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் நிறுவனம் அதையே எதிர்வாதமாக வைக்கலாம். மூன்றாம் நபர் பாலிசி மட்டுமுள்ள வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தவர், சும்மா ஏறினேன் என்றாலும் காசு கொடுத்தேன் என்றாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வெறுங்கையோடு திரும்பவே வாய்ப்பு அதிகம். தடை பயணத்தை நிறுத்தவில்லை. பயணியின் வழக்கைத்தான் பலவீனமாக்கியது.

சாலையைப் பற்றியும் சொல்லவேண்டும். அறுவடைக் காலத்தில் கொள்ளும் ராகியும் தார்ச்சாலையிலேயே பரப்பப்படுகின்றன. வண்டிகள் ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கும். தாளின் மேல் பிரேக் பிடித்தால் பைக் சறுக்கும். களம் அமைத்துக் கொடுக்காமல் உழவரைக் கண்டிப்பதில் நியாயமில்லை. பின்சக்கரத்தைப் பாதியளவாவது மறைக்கும் காப்பும் கைப்பிடியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் பெண்ணுக்கு அந்தக் கம்பிக்காப்பு உயிர்க்காப்பு. கர்நாடகம் 2016 ஜனவரியிலேயே பின்னிருப்பவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் டிராப் கொடுக்கிறவரிடம் இரண்டாவது ஹெல்மெட் எதற்கு இருக்கும்? அவர் தம்மை ஓட்டுநராகவே கருதுவதில்லையே.

கோவாவில் 'பைலட்' எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே உரிமத்தோடு, மஞ்சள் கறுப்பு வண்டியில், தமக்கென்று ஒரு ஸ்டாண்டு வைத்து ஓட்டுகிறார்கள். ருவாண்டாவின் கிகாலியில் பயணிக்கென ஒரு ஹெல்மெட் ஓட்டுநரிடமே இருக்கும். உரிமச் செலவு கிராமத்து இளைஞனுக்குச் சுமை என்ற மறுப்பு நியாயமானது. அந்தக் கட்டணத்தை அரசு குறைக்கட்டும், தள்ளுபடியும் செய்யட்டும். காப்பீட்டை மட்டும் தளர்த்தக்கூடாது.

93ஆம் பிரிவு செயலி நிறுவனங்களைப் பற்றியது. கைகாட்டி ஸ்டாண்டுக்குக் கிராம பஞ்சாயத்தில் ஒரு பெயர்ப்பதிவு, வாடகைப் பயணத்தையும் ஏற்கும் பாலிசி, இரண்டாவது ஹெல்மெட் ஆகியவற்றுக்கு மாநிலம் தனியே விதி எழுதவேண்டும்.