எண்பது கட்டங்களின் ஆதிக்கம்

புரதமொன்றின் அணுக்கள் எந்தெந்த ஸ்தானத்தில் நிற்கின்றன என்பதை எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு நிர்ணயிக்கும் வித்தை 1950-களின் இறுதியில் கைகூடிற்று. கேம்பிரிட்ஜில் மையோகுளோபினின் உருவத்தைக் கண்டறிந்த ஜான் கெண்ட்ரூ, மாக்ஸ் பெருட்ஸுடன் 1962-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எனினும் இத்தகைய ஆராய்ச்சியின் முடிவில் கைக்குக் கிடைக்கும் பலன் சித்திரமன்று, அணுவுக்கு மூன்றாக அடுக்கிய எண்களின் நீண்ட ஜாபிதாவே. அந்த எண்களை எல்லோரும் எடுத்தாளும்படி ஓரிடத்தில் தொகுத்து வைக்கவேண்டும் என்ற விருப்பத்தின் விளைவாக, அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹாமில்டனின் முயற்சியால், 1971-இல் புரதத் தரவு வங்கி ஏழே ஏழு உருவங்களுடன் தொடங்கிற்று.

அக்காலத்தில் கணிப்பொறிக்குச் செய்தி சொல்லும் சாதனம் துளை அட்டை; அட்டைக்கு 80 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆகவே வங்கியின் கோப்பிலும் ஓர் அணுவுக்கு ஒரு வரி என்றும், வரிக்கு 80 எழுத்து என்றும் நியமம் ஏற்பட்டது: 7 முதல் 11 வரை அணுவின் தொடர் எண், 31 முதல் 38 வரை அதன் முதல் ஆயத்தொலைவு, 39 முதல் 46 வரை இரண்டாவது, 47 முதல் 54 வரை மூன்றாவது, எல்லாம் ஆங்ஸ்ட்ரம் அளவில், மூன்று தசம ஸ்தானங்களோடு. அட்டைகள் வழக்கொழிந்து போயின. அவற்றின் அகலம் மட்டும் போகவில்லை.

இந்த நியமத்தின் கண்டிப்பை அறிய ஓர் உதாரணம் போதும். புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலுள்ள ஆல்ஃபா கார்பனுக்கும் கால்சியத்துக்கும் எழுத்துக்குறி ஒன்றே, ‘சிஏ’. அது 14-ஆவது கட்டத்தில் தொடங்கினால் கார்பன், 13-ஆவதில் தொடங்கினால் கால்சியம். படம் வரையும் மென்பொருள் ஓர் இடைவெளியைத் தவறவிட்டால் கார்பன் உலோகமாகிவிடும் என்ற அபாயத்தை உத்தேசித்தே போலும், பிற்காலத்தில் 77, 78-ஆம் கட்டங்களில் தனிமத்தின் குறியைத் தனியே எழுதும் வழக்கத்தைப் புகுத்தினார்கள்.

இவ்வரிகளிலிருந்து பிறக்கும் வரைபடங்களுள் கீர்த்தி மிக்கது சென்னையில் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல், தரவு வங்கி என்ற எண்ணமே உருப்பெறாத காலத்தில், ஃபை, சை என்னும் இரண்டு திருகுகோணங்களை இரு அச்சுகளாகக் கொண்டு, அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் சங்கிலி மடங்கக்கூடிய பிரதேசங்கள் எவை என்று வரைந்து காட்டினார்கள். அடுத்தடுத்த நான்கு அணுக்களின் ஆயத்தொலைவுகள் தெரிந்தால் ஒரு கோணம் கிடைத்துவிடும். ஆதலால் வங்கியின் எந்தக் கோப்பையும் அந்தச் சதுரத்தில் புள்ளிகளாக இறக்கிவிடலாம். விலக்கப்பட்ட பிரதேசத்தில் புள்ளிகள் மிகுந்தால் அவ்வுருவத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இன்றளவும் உலகெங்கும் செல்லுபடியாகும் சோதனை.

1990-களில் ரோஜர் செயில் இயற்றிய ராஸ்மால் என்ற மென்பொருளும், பின்னர் வந்த பைமாலும் இதே உரைக்கோப்பை வாசித்துத் திரையில் முப்பரிமாண உருவமாக நிறுத்தின. 61 முதல் 66 வரையுள்ள கட்டங்களில், அணு தன் நிலையில் எவ்வளவு அலைகிறது என்பதைக் காட்டும் வெப்பக் காரணி இருக்கும். அதற்கேற்ப வண்ணம் தீட்டுவது வழக்கம். ஆனால் புரத உருவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற நிரலின், 2021-இல் வெளியான கணிப்புகளில் அதே கட்டங்களில் நம்பகத்தின் மதிப்பெண் அமர்ந்திருக்கிறது. முன்னதில் பெரிய எண் ஐயத்தையும், பின்னதில் உறுதியையும் குறிக்கும். இடம் பழையது, பொருள் நேர்மாறு. எச்சரிக்கையின்றி வண்ணம் தீட்டுவோர் தலைகீழான சித்திரத்தையே காண்பார்கள்.

தொடர் எண்ணுக்கு ஐந்தே கட்டங்களாதலால் 99,999-க்கு மேற்பட்ட அணுக்களைக் கொண்ட பேருருவங்களைத் துண்டாடிப் பல கோப்புகளில் வைக்க நேர்ந்தது. முடிவில் 2014-இல் எம்எம்சிஃப் என்ற புதிய அமைப்பே மூல வடிவமாயிற்று. 2019 முதல் படிகவியலார் தம் முடிவுகளை அதிலேயே அளிக்கவேண்டும் என்று விதியும் வந்தது. அதுவும் வெறும் உரைக்கோப்புதான். ஆயின் எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லித் தானே அறிவிப்பது.

பழைய கோப்புகளோ இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. அவற்றை வாசிக்கச் சொந்தமாக நிரல் எழுத முனையும் மாணவர், இடைவெளி கண்ட இடத்தில் வரியைப் பிளக்கலாகாது, -100.123 போன்ற எண் தனக்குரிய எட்டுக் கட்டங்களையும் நிரப்பி முந்தைய எண்ணோடு ஒட்டிக்கொள்ளுமாதலால், கட்டங்களை எண்ணியே அறுத்தெடுக்க வேண்டும்.