அம்ரிதா ஷெர்கில் ஓவியங்களில் மெய்ப்பாடு

ஓவியர் ஒருவர் தம் உள்ளத்து உணர்ச்சியைத் தமக்கே உரிய முறையில் வெளியிடும் திறத்தை எவ்வாறு பெறுகின்றார்? அது பிறவியிலேயே அமைவது என்பர் ஒரு சாரார். பயிற்சியால் வருவது என்பர் மற்றொரு சாரார். பொதுநிலையில் நின்று இவ்வினாவுக்கு விடை காண்பதினும், படங்களின் ஆண்டுமுறை தெளிவாகத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஆராய்தல் பயன்தரும். அம்ரிதா ஷெர்கில் (1913-1941) அதற்கு மிகவும் ஏற்றவர். அவர் தொழிற்பட்ட காலம் ஏறத்தாழப் பத்தாண்டே. அவர் எழுதிய மடல்கள் நமக்குக் கிடைக்கின்றன. படங்களுள் பெரும்பகுதி புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ஓரிடத்தே காணக்கிடக்கின்றது.

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலை நாம் துணையாகக் கொள்கின்றோம். உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. அது செய்யுளுறுப்பாகவே கூறப்பட்டதாயினும், சொல்லின்றி மெய்யையே எழுதிக்காட்டும் ஓவியத்துக்கும் நன்கு பொருந்துவதாகும்.

1. பாரிசுப் பயிற்சி

ஷெர்கில் 1913 சனவரி 30ஆம் நாள் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் பஞ்சாப் நிலக்கிழார் குடியினர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். தாயார் இசை பயின்ற அங்கேரியப் பெண்மணி. 1921இல் இக்குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் தங்கியது. 1929இல் பாரிசுக்குச் சென்ற ஷெர்கில், பின்னர் எக்கோல் தெ போசார் என்னும் கலைப்பள்ளியில் லூசியன் சீமோன் என்பாரிடம் பயின்றார். தங்கையையும் பிரெஞ்சுத் தோழி ஒருவரையும் முன்னிருத்தி 1932இல் அவர் தீட்டிய 'இளம்பெண்கள்' என்னும் படம் 1933இல் பொற்பதக்கம் பெற்றது.

இப்படத்தில் ஒளியும் நிழலும் மேனியைத் திரட்டிக் காட்டும் திறம் குறைவற விளங்குகின்றது. எனினும் அத்திறம் பள்ளி தந்த திறமே. 1934இல் அவர் தம்மையே தாகித்தித் தீவுப் பெண்ணாக எழுதிய படம் இதனினும் கருதற்பாலது. தாகித்தி மகளிரை எழுதிப் புகழ்பெற்றவர் பிரெஞ்சு ஓவியர் கொகான். தம் மேனியின் நிறத்தையும் தம் வேற்றுமையையும் உணரத் தொடங்கிய ஷெர்கில், அவ்வுணர்வை வெளியிடக் கொகானின் மொழியையே கடன்கொண்டார். உணர்ச்சி தமதாயிருக்க, மொழி பிறர்மொழியாய் நின்ற நிலை இது.

2. சிம்லாவில் பிறந்த படங்கள்

1934 இறுதியில் அவர் இந்தியா மீண்டார். 'மூன்று பெண்கள்', 'பாரத அன்னை', 'மலைநாட்டு ஆடவர்', 'மலைநாட்டு மகளிர்' என்பன 1935இல் எழுந்தவை. அவற்றுள் 'பாரத அன்னை' வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது. 1905இல் அவனீந்திரநாத் தாகூர் எழுதிய பாரத அன்னை நான்கு கைகளையுடைய தெய்வ வடிவினள். ஷெர்கிலின் அன்னையோ இரு குழந்தைகளோடு அமர்ந்த ஏழைத்தாய். பெயர் ஒன்றாயினும் பொருள் முற்றும் மாறிவிட்டது.

அழுகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் வறுமையையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். 1935ஆம் ஆண்டுப் படங்களின் மெய்ப்பாடு வறுமையிற் பிறந்த அழுகையே. ஆயின் அவ்வழுகை பெரிதும் முகத்திலேயே தங்கியுள்ளது. தாழ்ந்த விழியும் இறுகிய இதழும் காண்போரை இரங்குமாறு வேண்டுகின்றன. பின்புலம் எளிமையுற்று, பள்ளிப்பயிற்சி தந்த ஒளிநிழல் குறைந்தபோதிலும், உணர்ச்சியைச் சுமப்பது முகமேயன்றி முழுமெய் அன்று.

3. அசந்தாவும் மட்டாஞ்சேரியும்

1936 இறுதியில் தொடங்கிய பயணமே திருப்பமாயிற்று. அசந்தா, எல்லோராக் குகைகளைக் கண்டபின் ஷெர்கில் தெற்கே வந்து, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டு வியந்தார்; திருவனந்தபுரமும் குமரிமுனையும் சென்றார். சிம்லாவுக்கு மீண்டு 1937இல் எழுதியவையே 'மணமகள் ஒப்பனை', 'பிரமசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னாட்டு ஊரார்' என்னும் மூன்றும்.

அசந்தாவே ஷெர்கிலுக்கு உணர்ச்சியைத் தந்தது எனக் கூறுவாரும் உளர். ஆண்டுமுறை அதற்கு இடந்தரவில்லை. துயருற்ற மாந்தரை எழுதும் வேட்கை 1935லேயே முகிழ்த்துவிட்டது. அசந்தாப் பயணமோ அதற்குப் பிற்பட்டது. குருதியின் அழைப்பே காரணம் என்பதும் பொருந்தாது. குருதி காரணமாயின், பாரிசு வாழ்வுக்கு முன்னும் பின்னும் ஒரே குரல் கேட்டிருத்தல் வேண்டும். எனவே சுவரோவியங்கள் தந்தது உணர்ச்சி அன்று, உணர்ச்சியை மெய் முழுதும் பரப்பும் முறையே என்று நாம் துணிகின்றோம்.

'பிரமசாரிகள்' இதற்குச் சான்று. வெண்ணிற ஆடையுடுத்த ஐந்து இளைஞர் அமர்ந்துள்ளனர். அவர்தம் முகங்கள் இரக்கம் வேண்டவில்லை. தோளின் சாய்வு, கையின் அமைதி, ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடைப்பட்ட வெளி, கருமேனியும் வெள்ளாடையும் மாறிமாறி வரும் ஒழுங்கு ஆகியனவே உணர்ச்சியைச் சுமக்கின்றன. 'மணமகள் ஒப்பனை'யிலும், மணவிழாவுக்குரிய உவகை வெளிப்படையாக இல்லை; வெளிர்மேனி மணமகளையும் கருமேனிப் பணிமகளிரையும் ஒரே அமைதி சூழ்ந்துள்ளது. எண்வகை மெய்ப்பாட்டை அடுத்துத் தொல்காப்பியர் எண்ணும் பிறவற்றுள் அடக்கம் என்பதும் ஒன்று. அழுகையினின்று அடக்கத்துக்குச் சென்றதே இவ்விரண்டாண்டு வளர்ச்சி எனலாம்.

4. ஒரு தடை

செல்வக்குடியிற் பிறந்து பாரிசிற் பயின்ற ஒருவர் ஏழையரின் துயரை எழுதுதல் உண்மையுணர்ச்சி ஆகுமா என வினவலாம். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1935ஆம் ஆண்டுப் படங்களைப் பொறுத்தவரை அதற்கு வலிமை உண்டு. ஆங்கே காண்போரின் இரக்கம் முந்தி நிற்கின்றது. 1937ஆம் ஆண்டுப் படங்களோ மாந்தரின் அகத்தை முழுதும் அறிந்ததாகக் கூறிக்கொள்வதில்லை. அவர்கள் நம்மை நோக்கவில்லை, தம்முள்ளேயே இருக்கின்றனர். அறியாததை அறிந்ததுபோல் காட்டாமையே அப்படங்களின் வாய்மை.

பின்னர் அவர் சென்ற வழியும் இதனை வலியுறுத்தும். 1938இல் மணம்புரிந்தபின் கோரக்பூரை அடுத்த சரையாவில் வாழ்ந்த காலத்து, மொகலாய, பசோலிச் சிற்றோவியங்களைப் பயின்று, 1940இல் 'கட்டிலில் இளைப்பாறும் பெண்', 'மஞ்சள் அரைப்போர்' முதலியவற்றை எழுதினார். தாம் அணுகியறிந்த மனைவாழ் மகளிரின் சோர்வும் காத்திருப்பும் இப்போது பொருளாயின. முடிவுறாத படம் ஒன்றை விட்டு, 1941 திசம்பர் 5ஆம் நாள் இலாகூரில் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார். அவர்தம் படைப்புகளை இந்திய அரசு 1976இல் தேசியக் கலைச்செல்வம் என அறிவித்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஷெர்கிலின் தனிக்குரல் பிறப்பாலோ ஒரே பயணத்தாலோ வந்ததன்று என்பது பெறப்படும். உணர்ச்சி முன்னே தோன்றிற்று. அதற்குரிய மொழி பின்னரே கிட்டிற்று. முகத்தில் தங்கிய துயரை மெய்முழுதும் நிலவும் அமைதியாக மாற்றியபோதே அக்குரல் அவர்க்கு உரியதாயிற்று. மெய்ப்பாட்டியலைச் செய்யுள் எல்லையில் நிறுத்தாது பிற கலைகளுக்கும் அளவுகோலாகக் கொள்வார்க்கு, ஆராயவேண்டிய களங்கள் இன்னும் பல உள.